எட்டு மணி நேரக் கணக்கு

2000 ஆகஸ்டில் பேரண்ட்ஸ் கடலில் மூழ்கிய ரஷ்யாவின் குர்ஸ்க் நீர்மூழ்கிக் கப்பலில் வெடிப்புக்குப் பின் உயிரோடு எஞ்சியவர்கள் 23 பேர். அவர்களும் எட்டு மணி நேரத்துக்குள் இறந்துவிட்டார்கள். ஆகவே ரஷ்யக் கடற்படை தாமதித்ததா, பொய் சொன்னதா, நார்வேயின் உதவியை ஏற்காமல் இழுத்தடித்ததா என்ற கேள்விகளெல்லாம் வீண். சென்ற இதழில் வெளியான கட்டுரையின் சாரம் இதுதான். மேற்கத்திய ஊடகங்கள் ஊதிப் பெருக்கிய கதையைக் கால் நூற்றாண்டாக நாம் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவருகிறோம் என்று போகிறபோக்கில் நம் தலையில் ஒரு குட்டும் வைத்திருக்கிறார் கட்டுரையாளர். குட்டுப்பட்டாலும் மோதிரக் கையால் குட்டுப்பட வேண்டும் என்பார்கள். இது வெறுங்கை.

அந்த எட்டு மணி நேரம் எங்கிருந்து வந்தது என்று முதலில் பார்த்துவிடலாம். கட்டுரையாளர் அதை அருள்வாக்குபோல வைத்துவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுகிறார். 2002 ஜூலையில் ரஷ்யாவின் தலைமை அரசு வழக்கறிஞர் விளாதிமிர் உஸ்தினோவ் குர்ஸ்க் விசாரணையை முடித்துவைத்தார். 133 தொகுதிகள் கொண்ட கோப்பு. டார்பிடோவின் எரிபொருள் கசிந்து வெடித்தது, பின்பகுதியில் ஒதுங்கிய 23 பேரும் எட்டு மணி நேரத்துக்குள் இறந்தார்கள், அவர்களைக் காப்பாற்ற வழியே இருக்கவில்லை, எவர் மீதும் வழக்கு இல்லை. இறந்தவர்கள் 118 பேர், கோப்பு 133 தொகுதி, குற்றம் சாட்டப்பட்டவர் ஒருவர்கூட இல்லை. குடும்பங்களுக்காக வாதாடிய வழக்கறிஞர் போரிஸ் குஸ்னெத்சோவ் இந்த எட்டு மணி நேரத்தை ஏற்கவில்லை. நிபுணர்களின் அறிக்கையை எதிர்த்து நீதிமன்றம் ஏறினார், ஒரு புத்தகமும் எழுதினார். அந்த அறிக்கை கேள்விக்கு அப்பாற்பட்டது அல்ல என்பதைச் சொல்லக் கட்டுரையாளருக்கு ஒரு வரிகூடக் கிடைக்கவில்லை.

சரி, எட்டு மணி நேரமே என்று வைத்துக்கொள்வோம். அது உண்மையாக இருக்கலாம் என்றுதான் நானும் நினைக்கிறேன். ஒன்பதாம் அறையில், இருட்டில், கசிந்த நீரின் மேல் எண்ணெய் மிதந்துகொண்டிருந்தது. ஆக்சிஜன் தரும் ரசாயனத் தகடு ஒன்று அந்த எண்ணெய் நீரில் பட்டதும் தீப்பற்றியது, எஞ்சியிருந்த காற்றைத் தீ தின்றுவிட்டது. மேலே கொண்டுவரப்பட்ட உடல்களின் தீக்காயங்கள் அதைக் காட்டின. அது வெடிப்பு நடந்த சனிக்கிழமை மாலையே நடந்திருக்கக்கூடும். இவ்வளவையும் ஒத்துக்கொண்ட பிறகு கட்டுரையாளரின் வாதத்தில் எது நிற்கிறது என்பதுதான் கேள்வி.

2000 ஆகஸ்ட் 12, சனிக்கிழமை. காலை 11:28-க்கு முதல் வெடிப்பு. இரண்டே கால் நிமிடம் கழித்து, அதைவிடப் பலமடங்கு பெரிதாக இரண்டாவது. நார்வேயின் நில அதிர்வு நிலையங்கள் இரண்டையும் பதிவு செய்தன. அதே பேரண்ட்ஸ் கடலில் அதே பயிற்சியில் இருந்த பியோத்தர் வெலிக்கி போர்க்கப்பலின் ஒலியுணர் கருவியும் வெடிச்சத்தத்தைக் கேட்டது. அந்தக் கப்பலில் இருந்தவர் வடக்குக் கடற்படையின் தளபதி அட்மிரல் வியாசெஸ்லாவ் போபோவ். பியோத்தர் வெலிக்கியும் அதன் துணைக் கப்பல்களும்தான் அன்று குர்ஸ்க்கின் பயிற்சி இலக்கு. பிற்பகல் ஒன்றரை மணிக்குள் குர்ஸ்க் டார்பிடோவைச் செலுத்தி முடித்திருக்க வேண்டும். டார்பிடோ வரவில்லை. தொடர்புகொண்டால் பதிலும் இல்லை. போபோவ் ஹெலிகாப்டர் ஏறிக் கரைக்குப் போனார். அபாய அறிவிப்பு வெளியானது இரவு 11:30-க்கு.

வெடித்துப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து அறிவிப்பு. எட்டாவது மணியில் மரணம். “அறிவிப்புக்கு முன்பே இறந்துவிட்டார்களே, பிறகு கடற்படையை எப்படிக் குறை சொல்வது?” என்பது கட்டுரையாளரின் கேள்வி. தாமதத்தைத் தாமதத்தாலேயே மன்னிக்கிற வித்தையை நான் இப்போதுதான் பார்க்கிறேன். வாசல்வரை வந்தும் கதவைத் தட்டாமல் நின்ற வைத்தியர், நோயாளி எப்போதோ போய்விட்டார், நான் தட்டியிருந்தாலும் பயனில்லை என்று சான்றிதழ் எழுதித் தருவதைப் போன்றது இது. அறிவிப்பு நேரத்தைத் தீர்மானித்தவர்கள் யார்? வெடிச்சத்தத்தைக் கேட்டவர்கள். டார்பிடோ வராததைப் பார்த்தவர்கள். அவர்கள் காலம் கடத்தியதால் நகர்ந்துபோன ஒரு கடிகார முள்ளை எடுத்து அவர்களுக்கே சாட்சியாக நிறுத்துகிறார் கட்டுரையாளர்.

அந்த நேரத்தில் உள்ளே என்ன நடந்தது என்பது நமக்குத் தெரியும். விசையாழிப் பிரிவின் அதிகாரி திமித்ரி கோலெஸ்னிகோவ், ஆறு, ஏழு, எட்டாம் அறைகளில் இருந்தவர்கள் அனைவரும் ஒன்பதாம் அறைக்கு வந்துவிட்டதை 1:15 மணிக்குக் குறித்துவைத்தார். மொத்தம் 23 பேர், எவராலும் மேலே போக முடியாது. எல்லார் பெயரும் அந்தக் காகிதத்தில் இருந்தது. பிறகு விளக்கு போனதும் இருட்டில் தடவித் தடவி எழுதினார். பிழைக்க வாய்ப்பில்லை போலிருக்கிறது, பத்து இருபது சதவீதம் இருக்கலாம் என்றது அந்தக் குறிப்பு. இன்னொருவரின் குறிப்பு ஒரு நாளுக்கு மேல் தாங்க மாட்டோம் என்றது. கோலெஸ்னிகோவ் பெயர்களை எழுதிக்கொண்டிருந்த அதே வேளையில்தான் மேலே டார்பிடோவுக்குக் காத்திருந்தவர்கள் ஏதோ கோளாறாக இருக்கும் என்று விட்டுவிட்டார்கள். கடலடியில் இருந்தவர் கொடுத்த பத்து சதவீதத்தைக்கூடக் கொடுக்க மனமில்லாமல் நம் கட்டுரையாளர் பூஜ்யம் போட்டிருக்கிறார்.

நண்பகலிலேயே அபாய அறிவிப்பு வந்திருந்தாலும் அந்த 23 பேரைக் காப்பாற்றியிருக்க முடியுமா? முடியாமல் போயிருக்கலாம். மீட்புக் கப்பல் அந்த இடத்தை அடையவே பல மணி நேரம் ஆகும். இதை மறைக்கும் தேவை எனக்கு இல்லை. ஆனால் நாம் கேட்பது, தங்களுக்குத் தெரிந்ததை வைத்துக்கொண்டு அன்று அந்த அதிகாரிகள் என்ன செய்தார்கள் என்பது. மரண நேரம் அவர்களுக்கு அன்று தெரியாது. அது இரண்டு ஆண்டு கழித்துப் பிணப் பரிசோதனையிலிருந்து எண்ணி எடுத்தது. பின்னால் கண்டுபிடித்த மரண நேரத்தைக் கொண்டு முன்னால் செய்த அலட்சியத்தைக் கழுவ முடியாது.

அவர்களுக்கு அன்று தெரிந்தது என்ன? இங்கேதான் கட்டுரையாளர் மிகச் சாமர்த்தியமாக ஒரு பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு போகிறார். ஆகஸ்ட் 14, திங்கட்கிழமை, ரஷ்யக் கடற்படை முதல்முறையாக உலகுக்கு வாய் திறந்தது. கப்பலில் கோளாறு ஏற்பட்டு ஞாயிற்றுக்கிழமை கடலடியில் அமர்ந்திருக்கிறது என்றது. நாளே தவறு. உள்ளே இருப்பவர்களோடு தட்டொலி மூலம் தொடர்பு இருக்கிறது என்றது. காற்றும் மின்சாரமும் செலுத்திக்கொண்டிருக்கிறோம் என்றது. காற்று செலுத்தவும் இல்லை, மின்சாரம் செலுத்தவும் இல்லை. தட்டொலியைப் பற்றி அடுத்த சில நாட்கள் மாறி மாறிப் பேசினார்கள். பின்னர் விசாரணை, அது மேலே நின்ற ஏதோ கப்பலிலிருந்து வந்த ஒலி என்று முடித்துவைத்தது.

தட்டொலி உண்மையென்றால், திங்களன்று உள்ளே ஆட்கள் உயிரோடிருந்தார்கள், எட்டு மணி நேரக் கணக்கு அந்த இடத்திலேயே செத்தது. தட்டொலி தவறாகக் கேட்ட ஒலி என்றால், கடற்படை அன்று உள்ளே உயிர் இருப்பதாக நம்பியது. அப்படி நம்பிக்கொண்டே நார்வேயும் பிரிட்டனும் நீட்டிய கையைப் புதன்கிழமைவரை ஏற்காமல் இருந்தது. தட்டொலி வேண்டுமென்றே சொன்ன பொய் என்றால், பொய்யைப் பற்றி நான் பேசவே வேண்டியதில்லை. மூன்றில் எதை எடுத்தாலும் கட்டுரையாளரின் வாதம் உட்கார இடமில்லை. அவர் எதைத் தேர்ந்தெடுக்கிறார் என்று சொல்லிவிட்டு மேலே எழுதியிருக்கலாம். சொல்லவில்லை. கட்டுரையில் ‘தட்டொலி’ என்ற சொல்லே இல்லை.

கடலடியில் சிக்கிய நீர்மூழ்கியிலிருந்து யாரையும் மீட்டதாகச் சரித்திரம் இல்லை என்று வேறு எழுதியிருக்கிறார். அதற்கு அமெரிக்காவின் திரெஷர் கப்பலைத் துணைக்கு அழைக்கிறார். 1963-இல் 129 பேரோடு போன திரெஷர் அட்லாண்டிக்கில் ஏறத்தாழ 2,500 மீட்டர் ஆழத்தில் நொறுங்கிக் கிடந்தது. குர்ஸ்க் கிடந்தது 108 மீட்டரில். கப்பலின் நீளமே 154 மீட்டர். நட்டுக்குத்தலாக நிறுத்தினால் வால்பகுதி நாற்பது மீட்டருக்கு மேல் தண்ணீருக்கு வெளியே நிற்கும். இந்த இரண்டு ஆழங்களையும் ஒரே தட்டில் வைக்கிறவர் ஒன்று கடல் வரைபடத்தைப் பார்க்கவில்லை, அல்லது வாசகர் பார்க்க மாட்டார் என்று நம்புகிறார்.

சரித்திரம் இல்லையாம். 1939 மே 23-ஆம் தேதி அமெரிக்காவின் ஸ்குவாலஸ் நீர்மூழ்கி நியூ ஹாம்ப்ஷயர் கரைக்கு அப்பால் ஏறத்தாழ 74 மீட்டர் ஆழத்தில் மூழ்கியது. உள்ளே 59 பேர். 26 பேர் வெள்ளம் புகுந்த அறைகளில் இறந்தார்கள். எஞ்சிய 33 பேரையும் மெக்கான் மீட்பு மணி என்ற இரும்புக் கூண்டை இறக்கி, தவணை தவணையாக மேலே கொண்டுவந்தார்கள். மறுநாள் வேலை தொடங்கி நள்ளிரவைத் தாண்டியபோது கடைசி ஆளும் மேலே வந்துவிட்டார். ஸ்குவாலஸ் இருக்கும் இடம் எப்படித் தெரிந்தது? அது மேலே அனுப்பிய மிதவையால். அந்த மிதவையில் தொலைபேசியும் இருந்தது.

குர்ஸ்க்கிலும் அவசர மிதவை இருந்தது. அது மேலே வரவில்லை. 1999-இல் மத்தியதரைக் கடலில் அமெரிக்கக் கடற்படையைப் பின்தொடர்ந்தபோது தற்செயலாக மிதவை கழன்று கப்பலைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று அஞ்சி அதைச் செயலிழக்கச் செய்திருந்தார்கள், திரும்பி வந்த பிறகும் அப்படியே விட்டுவிட்டார்கள் என்பது விசாரணையில் வெளிவந்தது. உஸ்தினோவின் விசாரணையில்தான், கட்டுரையாளர் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுகிற அதே விசாரணையில். எட்டு மணி நேரம் மட்டும் அவர் கண்ணில் பட்டிருக்கிறது, மிதவை படவில்லை.

மீட்புக்கு என்னதான் இருந்தது? மிகாயில் ருட்நிட்ஸ்கி என்ற கப்பல். மரம் ஏற்றும் சரக்குக் கப்பலாக வடிவமைத்ததை மீட்புக்கு மாற்றியிருந்தார்கள். அலையில் கப்பலை ஆடாமல் நிறுத்தும் வசதி அதில் கிடையாது. அதிலிருந்து இறக்கிய சிறு மீட்பு நீர்மூழ்கிகளின் மின்கலங்கள் சீக்கிரம் தீர்ந்தன. ஒவ்வொரு முறையும் மேலே ஏற்றி மின்னேற்றித் திரும்ப இறக்க வேண்டும். இதற்கென்றே சோவியத் காலத்தில் இரண்டு மீட்பு நீர்மூழ்கிகளைக் கட்டியிருந்தார்கள், ஒவ்வொன்றும் தன் முதுகில் இரண்டு மீட்பு வாகனங்களைச் சுமக்கும். தொண்ணூறுகளில் பணமில்லை என்று அவற்றை ஓரங்கட்டிவிட்டார்கள். ஆழத்திலேயே நாட்கணக்கில் தங்கி வேலை செய்யும் முக்குளிப்பவர்கள் வடக்குக் கடற்படையிடம் இல்லை. ஏவுகணை நீர்மூழ்கியைக் கடலுக்கு அனுப்பும்போதே, அது விழுந்தால் தூக்க ஆள் இல்லை என்பது அதை அனுப்பியவர்களுக்குத் தெரியும். புயல் வந்தது உண்மை; திங்களும் செவ்வாயும் கடல் மோசமாக இருந்தது. அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ‘இயற்கையின் சதி’ என்று கட்டுரையாளர் எழுதுவது கொஞ்சம் அதிகம். ஆகஸ்ட் மாதத்தில் பேரண்ட்ஸ் கடலில் அலை எழுவது சதி அல்ல.

நார்வே ஆட்கள் வந்த கதையைக் கட்டுரையாளர் ஒரே வரியில் முடித்துவிட்டார், நான் முடிக்கப்போவதில்லை. கப்பல் பெருமளவு சாய்ந்து கிடக்கிறது, நீரோட்டம் கடுமை, கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை, வெளியேறும் கதவு சேதமடைந்திருக்கிறது. தங்கள் முயற்சிகள் தோற்றதற்கு ரஷ்யத் தரப்பு அடுக்கிய காரணங்கள் இவை. ஆகஸ்ட் 20 அன்று நார்வேயின் முக்குளிப்பவர்கள் இறங்கிப் பார்த்தார்கள். கப்பல் ஏறக்குறைய நேராகவே கிடந்தது. நீரோட்டம் வேலையைத் தடுக்கும்படி இல்லை. கண்ணுக்கும் தெரிந்தது. கதவில் சொன்னபடி சேதம் இல்லை. மறுநாள் காலை கதவைத் திறந்துவிட்டார்கள், உள்ளே தண்ணீர். தவறான தகவல்களால் சலித்துப்போன நார்வே அட்மிரல் ஐனார் ஸ்கோர்கன், இப்படியே போனால் ஆட்களைத் திருப்பி அழைத்துக்கொள்வேன் என்று எச்சரிக்கும் அளவுக்குப் போனார். ஒரு வாரம் ஒரு கடற்படையால் முடியாததை எண்ணெய்க் கிணறுகளில் வேலை பார்க்கும் ஆட்கள் ஏறத்தாழ ஒரு நாளில் செய்தார்கள். இவர்களை ஏன் திங்கட்கிழமையே கூப்பிடவில்லை என்று கேட்பது மேற்கத்தியப் பிரசாரமாம்.

இனி அந்நிய நீர்மூழ்கி. தாமதம் பொருட்டல்ல என்று முதல் பாதியில் நிறுவிவிட்ட தெம்பில், பின்பாதியில் கட்டுரையாளர் குற்றவாளியையும் கண்டுபிடித்துக் கொடுக்கிறார். நேட்டோ நீர்மூழ்கி ஒன்று மோதியதால்தான் குர்ஸ்க்கின் டார்பிடோ வெடித்ததாம். ஆதாரம், அட்மிரல் போபோவ் 2021-இல் கொடுத்த பேட்டி. அந்தக் கப்பலின் பெயர் தனக்குத் தொண்ணூறு சதவீதம் தெரியும் என்றும், வெளியே சொல்ல ஆதாரம் வேண்டும் என்றும் போபோவ் சொன்னார். வெடிச்சத்தம் கேட்டபோது பியோத்தர் வெலிக்கியில் இருந்த அதே போபோவ். கரைக்குப் போன அதே போபோவ். மறுநாள் ஞாயிறு, கடற்பயிற்சி சிறப்பாக நடந்ததாகப் பத்திரிகைகளுக்குப் பேசி, குர்ஸ்க்கைப் பற்றி மூச்சுவிடாத அதே போபோவ். 118 பேர் சாவில் பொறுப்பு யாருடையது என்று விசாரித்தால் முதலில் கூண்டில் ஏற வேண்டியவரையே கட்டுரையாளர் நிபுணர் சாட்சியாகக் கூட்டிவருகிறார். அந்தப் பேட்டிக்குக் கிரெம்ளினே வக்காலத்து வாங்கவில்லை. விசாரணை முடிவு எல்லோருக்கும் தெரிந்ததுதான் என்று சொல்லி ஒதுங்கிக்கொண்டது.

மோதல் பேரண்ட்ஸ் கடலுக்குப் புதிதல்ல. 1992 பிப்ரவரியில் அமெரிக்காவின் பேட்டன் ரூஜும் ரஷ்யாவின் கோஸ்த்ரோமாவும் மூர்மன்ஸ்க் பக்கத்தில் மோதிக்கொண்டன. 1993 மார்ச்சில் கிரேலிங்கும் நோவோமொஸ்கோவ்ஸ்க்கும் மோதிக்கொண்டன. நான்கு கப்பல்களும் தம்தம் துறைமுகத்துக்குத் தாமே திரும்பின. ஒருவரும் சாகவில்லை. எந்த டார்பிடோவும் வெடிக்கவில்லை. குர்ஸ்க்கோ இரட்டை உடல் கொண்டது, அமெரிக்கத் தாக்குதல் நீர்மூழ்கியைவிட இரண்டு மடங்குக்கும் மேல் கனமானது. அப்படிப்பட்டதை முட்டி மூழ்கடித்துவிட்டு, முட்டியது மட்டும் யார் கண்ணிலும் படாமல் வீடு போய்ச் சேர்ந்தது என்று நம்ப வேண்டும். மெம்பிஸ் என்ற அமெரிக்க நீர்மூழ்கி அடுத்த சில நாட்களில் நார்வேயின் பெர்கன் துறைமுகத்துக்கு வந்ததை மர்மமாகக் காட்டுகிறார் கட்டுரையாளர். எல்லோர் கண்ணிலும் படும்படி துறைமுகத்தில் வந்து நின்றது எப்படி ஒளிந்துகொண்டதாகும் என்பது எனக்கு விளங்கவில்லை.

குர்ஸ்க்கின் முன்பகுதியை அறுத்துக் கடலடியிலேயே விட்டதைத் தடயத்தை அழித்ததாகச் சொல்வதும் பழைய பல்லவி. வெடிக்காத டார்பிடோக்கள் அதில் மிஞ்சியிருக்கலாம், தூக்கும்போது வெடித்தால் மொத்தமும் போய்விடும் என்பதால் அறுத்தார்கள். 2002 கோடையில் அந்த முன்பகுதியிலிருந்தும் துண்டுகளை மேலே எடுத்தார்கள். முதல் வெடிப்பு நான்காம் டார்பிடோ குழாயில் தொடங்கியது என்ற முடிவுக்கு ரஷ்யர்களேதான் வந்தார்கள், அமெரிக்கர்கள் அல்ல.

கட்டுரையாளர் ஹைட்ரஜன் பெராக்சைடைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. பேசினால் கதை கெட்டுவிடும். குர்ஸ்க் அன்று செலுத்த இருந்தது 65-76 வகை டார்பிடோ. 65 சென்டிமீட்டர் விட்டம், ஏறத்தாழ 11 மீட்டர் நீளம். மாலுமிகள் செல்லமாகக் ‘குண்டம்மா’ என்பார்கள். மண்ணெண்ணெயை எரிக்கத் தேவையான ஆக்சிஜனை அதில் செறிவூட்டிய ஹைட்ரஜன் பெராக்சைடு தருகிறது. மலிவு, வேகம், நெடுந்தூரம் போகும். ஆனால் பற்றவைப்பிலோ தொட்டியிலோ சின்னக் கசிவு ஏற்பட்டுத் துருவையோ செம்பையோ தொட்டால் போதும், அந்தத் திரவம் நீராவியும் ஆக்சிஜனுமாகப் பிரிந்து பல ஆயிரம் மடங்கு விரியும். குழாய்க்குள் அது போக இடமில்லை. பிறகு மண்ணெண்ணெய் பற்றிக்கொள்ளும். இரண்டே கால் நிமிடத்தில் பக்கத்து அடுக்கில் கிடந்த போர் டார்பிடோக்களுக்குச் சூடு ஏறியது. இரண்டாவது வெடிப்பு அதுதான்.

இந்தத் திரவத்தின் குணம் ரகசியமல்ல. 1955 ஜூனில் போர்ட்லாண்ட் துறைமுகத்தில் நின்றுகொண்டிருந்த பிரிட்டிஷ் நீர்மூழ்கி சைடன், பெராக்சைடு டார்பிடோ வெடித்து 13 பேரைக் கொன்று மூழ்கியது. அதோடு பிரிட்டன் அந்த வகையைக் கைவிட்டது. சோவியத் யூனியன் கைவிடவில்லை, ரஷ்யாவும் கைவிடவில்லை. நாற்பத்தைந்து ஆண்டு கழித்து அதே ரசாயனம் அதே வேலையைச் செய்தது. குர்ஸ்க் மாலுமிகளுக்கு இந்த டார்பிடோவில் போதிய பயிற்சியோ அனுபவமோ இல்லை என்பதும் விசாரணை கண்டதுதான். பிறகு என்ன நடந்தது? பெராக்சைடு டார்பிடோக்களை ரஷ்யக் கடற்படை சேவையிலிருந்து விலக்கியது. அமெரிக்க நீர்மூழ்கி மோதி நடந்த விபத்துக்கு யாராவது சொந்த டார்பிடோவை விலக்குவார்களா? கட்டுரையாளர் நம்புவதைக் கடற்படைத் தலைமையே நம்பவில்லை.

அணுசக்தி நீர்மூழ்கி, அதன் ரகசியத்தை அந்நியருக்குத் திறந்துகாட்ட எந்த நாடும் தயங்கும் என்பது அவருடைய கடைசி அரண். பார்க்கக் கொஞ்சம் கண்ணியமாகத் தெரியும் வாதம் இது ஒன்றுதான். 2001 அக்டோபரில் குர்ஸ்க்கைக் கடலிலிருந்து தூக்கியது யார்? மாமூட், ஸ்மிட் என்ற இரண்டு நெதர்லாந்து நிறுவனங்கள். அணு உலைகளோடும் ஏவுகணைகளோடும், உடலில் துளை போட்டு, கம்பி வடங்கள் மாட்டி, ஜயன்ட் 4 என்ற மிதவைப் படகின் அடியில் கட்டித் தூக்கிக்கொண்டு போனார்கள். பதினான்கு மாதம் முன்பு ஆட்கள் உள்ளே இருந்தபோது காட்ட முடியாத ரகசியத்தை, உடல்களும் உலோகமும் மட்டும் மிஞ்சியபோது ஒப்பந்தம் போட்டுக் காட்டினார்கள். ரகசியம் காரணமென்றால் அது இரண்டு முறையும் காரணமாக இருந்திருக்க வேண்டும்.

குடும்பங்களைப் பற்றிக் கட்டுரையாளர் எழுதியிருப்பதற்குப் பதில் சொல்ல மனம் ஒப்பவில்லை, ஆனாலும் சொல்கிறேன். இறந்த வீரர்களின் பேரால் அரசியல் செய்வது அவர்களுக்குச் செய்யும் அவமரியாதை என்கிறார். யார் செய்தது அவமரியாதை? கப்பலில் யார் யார் இருந்தார்கள் என்ற பட்டியலைக்கூடக் கடற்படை தரவில்லை. கொம்சோமோல்ஸ்கயா பிராவ்தா பத்திரிகை 18,000 ரூபிள் லஞ்சம் கொடுத்து வாங்கி ஆகஸ்ட் 18 அன்று வெளியிட்டது. தன் மகன் இருக்கிறானா இல்லையா என்பதை ஒரு தாய் பத்திரிகைக் கடையில் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. விதியாயெவோ ஊரில் துணைப் பிரதமர் கிளெபானோவ் குடும்பங்களைச் சந்தித்த கூட்டத்தில் எழுந்து கத்திய ஒரு தாய்க்குப் பின்னாலிருந்து வந்து மயக்க ஊசி போட்டார்கள். அது படமாகி உலகெங்கும் ஒளிபரப்பானது. சோச்சியில் ஓய்வில் இருந்த அதிபர் புதின் விடுமுறையை உடனே முடித்துக்கொள்ளவில்லை. செப்டம்பரில் தொலைக்காட்சிப் பேட்டியில் லாரி கிங் கப்பலுக்கு என்ன ஆனது என்று கேட்டபோது சின்னச் சிரிப்போடு “மூழ்கிவிட்டது” என்றார். அரசியல் எங்கே இருந்தது என்று கட்டுரையாளர் தேடிக்கொண்டிருக்கட்டும்.

யாரும் தண்டிக்கப்படவில்லை என்பது பொய், தளபதிகள் பதவி இழந்தார்களே என்பது அவருடைய அடிக்குறிப்பு. 2001 டிசம்பரில் போபோவ் உட்படப் பத்துக்கும் மேற்பட்ட அதிகாரிகள் நீக்கப்பட்டார்கள். கப்பல் மூழ்கியதற்காக அல்ல, பயிற்சி ஒழுங்கமைப்பில் குறைபாடு என்று காரணம் எழுதினார்கள். நீக்கப்பட்ட போபோவ் சில வாரங்களிலேயே மூர்மன்ஸ்க் சார்பில் நாடாளுமன்ற மேலவையில் போய் அமர்ந்தார். இப்படிப்பட்ட தண்டனைக்கு நம் ஊரில் வரிசையில் நிற்க ஆள் உண்டு.

கடைசியாக, கட்டுரையாளர் தவறாமல் விட்டுவிட்ட ஒன்று. 2005 ஆகஸ்டில் கம்சாத்காவுக்கு அப்பால் ஏஎஸ்-28 என்ற ரஷ்யச் சிறு நீர்மூழ்கி ஏறத்தாழ 190 மீட்டர் ஆழத்தில் வலைகளிலும் வடங்களிலும் சிக்கிக்கொண்டது. உள்ளே ஏழு பேர். அதுவும் ராணுவக் கப்பல்தான், அந்தக் கடலிலும் ராணுவ ரகசியங்கள் உண்டு. மறுநாளே மாஸ்கோ வெளிநாடுகளிடம் உதவி கேட்டது. பிரிட்டன் ஸ்கார்பியோ என்ற ஆளில்லா நீரடி இயந்திரத்தை விமானத்தில் கொண்டுவந்து இறக்கி வடங்களை அறுத்தது. மூன்று நாட்களுக்குள், உள்ளே காற்று தீரும் தறுவாயில், கப்பல் மேலே வந்தது. ஏழு பேரும் பிழைத்தார்கள். 2000-த்தில் எடுத்துக்கொண்ட நாட்களை இந்த முறையும் எடுத்துக்கொண்டிருந்தால் ஏழு பேரும் இறந்திருப்பார்கள். வெளிநாட்டு உதவி வருவதற்கு முன்பே உயிர் போய்விட்டது, காப்பாற்ற வழியே இருக்கவில்லை என்று ஒரு கோப்பு மூடப்பட்டிருக்கும். அதை மேற்கோள் காட்டி நம் கட்டுரையாளர் இன்னொரு கட்டுரை எழுதியிருப்பார்.